மீட்டிங்குகளுக்கு நடுவே வெளிநாட்டு நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

அலுவலக வேலையாக லண்டனுக்கோ டோக்கியோவுக்கோ போய் வந்தவரிடம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஹோட்டல் அறையைப் பற்றிச் சொல்வார், கான்ஃபரன்ஸ் ஹாலில் ஏசி குளிர் தாங்க முடியவில்லை என்பார், ஊர் பார்க்க நேரமே கிடைக்கவில்லை என்று முடித்துவிடுவார். நேரம் இருந்திருக்கும். ஆனால் அது துண்டு துண்டாக, சுற்றுலா இடங்கள் மூடிக் கிடக்கிற வேளையாகப் பார்த்து இருந்திருக்கும். காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஆறரையிலிருந்து பத்து, கடைசி நாள் அறையைக் காலி செய்ததற்கும் ஃபிளைட்டுக்கும் நடுவே ஒரு நாலு மணி நேரம். விடுமுறைக்குப் போகிறவர்கள் போடுகிற 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' பட்டியலை வைத்துக்கொண்டு இந்தத் துண்டுகளை நிரப்ப முடியாது. வேலையாகப் போகிறவர் தலைகீழாகத் தொடங்க வேண்டும்: எந்தெந்த மணி நேரம் கையில் இருக்கிறது என்று முதலில் எழுதிவிட்டு, அந்த நேரத்தில் அந்த ஊரில் எது திறந்திருக்கும், எது அழகாக இருக்கும் என்று தேட வேண்டும்.

நேரத்தை எழுதுங்கள்

பயணம் உறுதியான அன்றே ஒரு தாளை எடுத்து நகராத விஷயங்களை எல்லாம் நிரப்பிவிடுங்கள். மீட்டிங், ஃபிளைட், கிளையண்டோடு இரவுச் சாப்பாடு. இந்தச் சாப்பாடு எந்த நாள் என்பதை அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், இப்போதே மெயிலில் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், அவர்களும் உணவகத்தில் இடம் பிடித்து வைக்க வேண்டுமே. மீதி இருக்கிற கட்டங்கள் உங்களுடையவை. அதிலும் மாலை மீட்டிங் முடிகிற நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கு முடியும் என்று காலண்டரில் போட்ட மீட்டிங் ஐந்தரைக்கே முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது.

அடுத்து, அந்த ஊரின் பெரிய அருங்காட்சியகங்களும் அரண்மனைகளும் வாரத்தில் எந்த நாள் மூடியிருக்கும், எந்த நாள் இரவு வரை திறந்திருக்கும் என்று பாருங்கள். வேலையாகப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. பாரிஸில் லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடல், ஆனால் புதனும் வெள்ளியும் இரவு 9 வரை. ஆர்சே அருங்காட்சியகம் திங்கள் மூடல், வியாழன் இரவு 9.45 வரை. நியூயார்க்கில் மெட் அருங்காட்சியகம் புதன் மூடல், வெள்ளியும் சனியும் இரவு 9 வரை. லண்டனில் வெள்ளிக்கிழமைதான் தங்கமான நாள்: பிரிட்டிஷ் மியூசியம் 8.30 வரை, நேஷனல் கேலரி 9 வரை, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 10 வரை, மூன்றிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமும் இல்லை. மாட்ரிட்டில் பிராடோ இன்னும் தாராளம், தினமும் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அனுமதி இலவசம், திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8. அந்த வரிசை நீளும், அதனால் ஐந்தரைக்கே போய் நிற்பது நல்லது. பீஜிங்கின் அரண்மனை அருங்காட்சியகம் திங்கள் மூடல். சியோலின் கியோங்போக்குங் அரண்மனை செவ்வாய் மூடல். வாடிகன் அருங்காட்சியகங்கள் ஞாயிற்றுக்கிழமை மூடல், மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. இஸ்தான்புல்லின் கிராண்ட் பஜார் ஞாயிறு மூடல், டோப்காபி அரண்மனை செவ்வாய் மூடல்.

இந்த நேரங்கள் விழா, வேலைநிறுத்தம், பராமரிப்பு என்று ஏதாவது காரணத்தால் மாறிக்கொண்டே இருக்கும், ஆகையால் கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள், மேப்பில் காட்டுகிற நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம். பாரிஸின் பொம்பிதூ மையம் புதுப்பிப்பு வேலைக்காக 2025-இல் மூடப்பட்டது, 2030 வரை திறக்காது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள்.

முன்பதிவு விஷயத்தில் என் விதி ஒன்றுதான்: மீட்டிங் இழுத்தால் வீணாகிற நேரத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்காதீர்கள். முன்பதிவு இல்லாமல் உள்ளே போகவே முடியாத இடங்கள் சில உண்டு, ஆம்ஸ்டர்டாமின் ஆன் ஃபிராங்க் வீடு இணையத்தில் மட்டும்தான் டிக்கெட் விற்கிறது, அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த மாதிரி இடங்களைக் கடைசி நாளுக்கோ, வேலை எதுவும் குறுக்கே வராத காலை நேரத்துக்கோ வையுங்கள். கட்டணம் இல்லாத முன்பதிவு என்றால் துணிந்து போடலாம். பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்கு அனுமதி இலவசம், முன்பதிவு கட்டாயம், கடைசி நுழைவு இரவு 9.45. லண்டனில் ஃபென்சர்ச் தெருக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிற ஸ்கை கார்டனும் இலவசம்தான், அதற்கும் முன்பதிவு வேண்டும். போக முடியாமல் போனால் ரத்து செய்துவிடுங்கள், இன்னொருவர் போவார்.

ஓரிரு நாள் சேர்த்துத் தங்குவதாக இருந்தால்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஞாயிறு திரும்புவது என்பது பெரும்பாலான நிறுவனங்கள் ஒத்துக்கொள்கிற ஏற்பாடு. கேட்கிற விதம் முக்கியம். டிராவல் டெஸ்க்கில் போய் நின்று தயங்கித் தயங்கிக் கேட்பதைவிட, வெள்ளி இரவு ஃபிளைட்டின் கட்டணத்தையும் ஞாயிறு ஃபிளைட்டின் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே நாளில் தேடிய படத்தோடு மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்கள்: ஹோட்டலும் சாப்பாடும் என் செலவு, டிக்கெட் விலையில் வித்தியாசம் இருந்தால் அதுவும் என் செலவு. எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம், பில் கணக்கு பார்க்கிறவருக்கு அந்தச் சம்மதம் தெரியாது.

விசாவில் கவனம். பிரிட்டனின் சாதாரண வருகை விசாவும் அமெரிக்காவின் பி1/பி2 விசாவும் வேலைச் சந்திப்பு, சுற்றுலா இரண்டுக்கும் சேர்த்தே வருபவை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் சிக்கல் வேறு மாதிரி: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பது ஒரு வரியில் இருக்கும், எத்தனை நாள் தங்கலாம் என்பது தனியாக இன்னொரு வரியில் இருக்கும். தேதி பாக்கி இருக்கிறதே என்று நாளை நீட்டினால் வெளியேறும்போது மாட்டிக்கொள்வீர்கள். விண்ணப்பிக்கும்போதே கூடுதல் நாளையும் சேர்த்துக் கேட்டுவிடுவதுதான் சரி. நிறுவனம் எடுத்துத் தருகிற பயணக் காப்பீடு வேலை நாட்களோடு முடிந்துவிடுமா என்பதையும் கேளுங்கள், முடிந்துவிடும் என்றால் மீதி நாட்களுக்கு நீங்களே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல்: அலுவலகத்துக்குப் பக்கமா, ரயிலுக்குப் பக்கமா?

தேர்வு உங்கள் கையில் இருந்தால், அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுக்காதீர்கள். பெரிய நகரங்களில் அலுவலகங்கள் இருக்கிற பகுதி மாலை ஏழு மணிக்கெல்லாம் ஆள் அரவமில்லாமல் ஆகிவிடும், அங்கே தங்கினால் ஒவ்வொரு மாலையும் 'இப்போ கிளம்பிப் போகணுமா' என்ற சோம்பல் ஜெயித்துவிடும். அலுவலகத்துக்கு வண்டி மாறாமல் ஒரே ரயிலில் போகிற மாதிரி, ஊரின் நடுப்பகுதியில் எடுங்கள். பாரிஸில் லா தெஃபான்ஸில் மீட்டிங் என்றால் மெட்ரோவின் 1-ஆம் பாதை உங்களுக்கென்றே போட்டது போல இருக்கும்: ஒரு முனையில் உங்கள் அலுவலகம், அதே கோட்டில் வெற்றி வளைவு, கான்கார்ட் சதுக்கம், லூவ்ர், நகர மண்டபம், பாஸ்டில் எல்லாம் வரிசையாக. இந்தப் பாதையில் எந்த நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினாலும் லாபம்.

அலுவலகப் பக்கத்து ஹோட்டலைத்தான் கொடுத்திருக்கிறார்கள், மாற்ற முடியாது என்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அங்கிருந்து ஒரே ரயிலில் எங்கெல்லாம் போகலாம் என்று அந்தப் பாதையின் வரைபடத்தை மட்டும் பாருங்கள், ஊர் முழுக்க வலை வீச வேண்டாம். லண்டனில் கேனரி வார்ஃபில் மாட்டிக்கொண்டவருக்கு ஜூபிலி பாதையில் லண்டன் பிரிட்ஜும் வெஸ்ட்மின்ஸ்டரும் உண்டு. இன்னொரு பக்கம் கிரீனிச் மிக அருகில், தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் 1902-இல் திறந்த நடைசுரங்கம் ஒன்று இருக்கிறது, ஐலண்ட் கார்டன்ஸ் பக்கம் இறங்கி நடந்தால் எதிர்க்கரையில் பழைய கட்டி சார்க் கப்பலுக்குப் பக்கத்தில் மேலே வருவீர்கள். டோக்கியோவில் மருனோஉச்சி பகுதியில் வேலை என்றால் பேரரசர் மாளிகையின் அகழி எதிரிலேயே இருக்கிறது.

ஜெட்லாகோடு சண்டை போடாதீர்கள்

எல்லோரும் ஜெட்லாகை எப்படி ஒழிப்பது என்றுதான் சொல்லித் தருகிறார்கள். ஓரளவு ஒழிக்கத்தான் வேண்டும், மீட்டிங்கில் தூங்கி விழ முடியாது. ஆனால் உடம்பு புது நேரத்துக்குப் பழக, தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு. நாலு நாள் பயணத்தில் முழுதாகப் பழகுவதற்குள் திரும்பி வந்துவிடுவீர்கள். அதனால் அது எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கத்திலேயே ஊரைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

மேற்கே பறந்தால் மாலை ஏழு எட்டுக்கே கண் சொருகும், அதிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட பயணத்தில் முதல் நாள் இரவு நாடகத்துக்கோ இசை நிகழ்ச்சிக்கோ டிக்கெட் எடுப்பது பணம் கொடுத்து இருக்கையில் தூங்குவதற்குச் சமம். உங்களுக்கு உரியது விடியற்காலை. நாலரைக்குப் படுக்கையில் புரண்டுகொண்டு மெயில் பார்க்காமல் எழுந்து குளித்துவிட்டு, முதல் வெளிச்சத்தில் வெளியே போங்கள். பகலில் தோளோடு தோள் இடிக்கிற இடங்கள் எல்லாம் அப்போது காலியாக இருக்கும். நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் (1883-இல் திறந்தது) சுமார் 1.8 கிலோமீட்டர் நீளம், ரயிலில் புரூக்ளின் பக்கம் போய் இறங்கி மன்ஹாட்டனை நோக்கி நடந்தால் கட்டடங்கள் எல்லாம் முகத்துக்கு எதிரே இருக்கும். எதிர்த் திசையில் நடந்தால் நொடிக்கொரு முறை திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். எந்தத் திசையிலிருந்து வந்தவரானாலும் விடியலில் எழுந்துவிட்டால், சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்கே திறந்துவிடும். டோக்கியோவின் சென்சோஜி கோயில் வளாகத்துக்கு எந்நேரமும் போகலாம், மூல மண்டபம் காலை ஆறு ஆறரைக்குத் திறக்கும், கடைகள் திறப்பதற்கு முன்னால் அந்த வளாகம் வேறு இடம் போலவே தோன்றும். வாஷிங்டனில் லிங்கன் நினைவகம் 24 மணி நேரமும் திறந்திருப்பது.

ஓடுகிற பழக்கம் இருந்தால் இன்னும் வசதி. டோக்கியோவில் பேரரசர் மாளிகையைச் சுற்றி ஒரு சுற்று சுமார் 5 கிலோமீட்டர், வழியில் சிக்னலே கிடையாது, எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் ஓடுவார்கள், நீங்களும் அப்படியே ஓடுங்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் முழுச் சுற்று கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். நடக்கிறவர் ஒன்றரை மணி நேரத்தில் பார்ப்பதை ஓடுகிறவர் முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிட்டு மீட்டிங்குக்கு முன் குளித்தும் முடிக்கலாம்.

கிழக்கே பறந்தால் கதை நேர்மாறு. நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராது, காலையில் எழுந்திருப்பதே பெரும்பாடு. இப்போது இரவுதான் உங்களுடையது.

ஆனால் எந்தத் திசையானாலும் கிளம்பும் முன் ஒன்றைப் பாருங்கள்: அந்த மாதத்தில் அந்த ஊரில் சூரியன் எத்தனை மணிக்கு உதித்து எத்தனை மணிக்கு மறைகிறது. லண்டனில் ஜூன் மாதம் இரவு 9.20 வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், விடிவதற்கும் எட்டு ஆகும். ஜூனில் மீட்டிங் முடிந்ததும் மூன்று மணி நேரப் பகல் உங்களுக்காகக் காத்திருக்கிறது, பூங்காவுக்கோ ஆற்றங்கரைக்கோ போகலாம். டிசம்பரில் அதே திட்டத்தோடு போனால் இருட்டில் குளிரில் நடுங்குவதுதான் மிச்சம். குளிர்காலத்தில் போனால் உள்ளே இருந்து பார்க்கிற இடங்களும் விளக்கு வெளிச்சத்துக்குப் பேர் போன இடங்களும்தான்.

மாலை ஆறரைக்கு மேல்

அருங்காட்சியகம் மூடியிருக்கிற மாலையில் என்ன செய்வது? எனக்குப் பிடித்த பதில், உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போய்வருகிற படகும் பஸ்ஸும்தான். சுற்றுலாப் பேருந்தும் சுற்றுலாப் படகும் மாலையில் நிறுத்திவிடுவார்கள் அல்லது நிறையக் கேட்பார்கள், பொதுப் போக்குவரத்து ஓடிக்கொண்டே இருக்கும். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுப் படகு இலவசம், இரவும் பகலும் ஓடுகிறது, ஒரு பக்கத்துக்கு சுமார் 25 நிமிடம், போகும்போது வலது பக்கம் நின்றால் சுதந்திர தேவி சிலை தெரியும். அக்கரையில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள், இறங்கிச் சுற்றி வந்து அடுத்த படகில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். திரும்பி வரும்போது மன்ஹாட்டன் முழுக்க விளக்கோடு நெருங்கி வரும், அதற்குத்தான் போவதே. ஹாங்காங்கில் 1888-இல் தொடங்கிய ஸ்டார் ஃபெரி, இரவு 8 மணிக்குத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள கட்டடங்களில் நடக்கிற ஒளிக்காட்சி, இரண்டும் ஒரே இடத்தில். இஸ்தான்புல்லில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு மக்கள் வீடு திரும்புகிற படகுகள். ஆம்ஸ்டர்டாமில் மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்து ஓடுகிற இலவசப் படகு.

தரையில் என்றால் பெர்லினின் 100-ஆம் எண் பஸ், விலங்குக் காட்சிசாலைப் பக்கம் தொடங்கி நாடாளுமன்றத்தையும் பிராண்டன்பர்க் வாயில் பகுதியையும் தொட்டு அலெக்ஸாண்டர் சதுக்கம் வரை போகும், மாடியில் முன் இருக்கை கிடைத்தால் சுற்றுலாப் பேருந்தே வேண்டாம். பாரிஸ் மெட்ரோவின் 6-ஆம் பாதை பிர்-ஆக்கைம் பக்கத்தில் மேம்பாலத்தில் சேன் ஆற்றைக் கடக்கும்போது ஈஃபிள் கோபுரம் ஜன்னலில் வந்து நிற்கும். இருட்டியபின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் கோபுரம் மினுமினுக்கும், அந்த நேரத்துக்கு ஏற்ப ஏறினால் சில நிமிடம் முன்பின் ஆனாலும் பார்த்துவிடலாம். டோக்கியோவின் யமனோத்தே ரயில் 30 நிலையங்களைச் சுற்றி ஒரு மணி நேரத்தில் ஒரு வட்டம் போடும், கால் வலிக்கிற நாளுக்கு ஏற்றது, ஆனால் வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்புகிற நெரிசல் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உயரத்திலிருந்து பார்ப்பதும் இரவில்தான் நன்றாக இருக்கும். டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில், காட்சிக்கூடம் இலவசம், இரவு வரை திறந்திருக்கும். காசு கொடுத்து ஏறுகிற கோபுரங்களைவிட அது எந்த விதத்திலும் குறைவில்லை என்பது என் எண்ணம். சிங்கப்பூரில் கார்டன்ஸ் பை த பே பூங்காவில் ராட்சத மரங்களின் ஒளி இசைக் காட்சி தினமும் 7.45-க்கும் 8.45-க்கும், அதுவும் இலவசம், முதல் காட்சியைத் தவறவிட்டாலும் இரண்டாவது இருக்கிறது என்பதால் மீட்டிங்காரர்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

திரும்பி வருகிற வழியை மறந்துவிட வேண்டாம். டோக்கியோவில் நள்ளிரவு ஒட்டிக் கடைசி ரயில் போய்விட்டால் அப்புறம் டாக்ஸிதான், அது பர்ஸைப் பதம் பார்க்கும். நியூயார்க்கில் சப்வே இரவு முழுக்க ஓடும். லண்டனில் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் சில பாதைகளில் ரயில் விடியும் வரை ஓடுகிறது.

ஒரு மாலைக்கு ஒரு இடம், அவ்வளவுதான். இரண்டாவது இடம் முதல் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய அருங்காட்சியகத்துக்குள்ளும் இதே விதிதான். லூவ்ரையோ பிரிட்டிஷ் மியூசியத்தையோ இரண்டு மணி நேரத்தில் பார்த்து முடிக்கிறேன் என்று ஓடினால் கால்தான் வலிக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் என்றால் ரொசெட்டா கல்லும் அசீரியச் சிங்க வேட்டைச் சிற்பங்களும் என்று இரண்டைத் தேர்ந்தெடுத்து, நேராக அங்கே போய் நிதானமாக நின்று பாருங்கள், வெளியே வரும் வழியில் கண்ணில் படுவதெல்லாம் கொசுறு.

ஒரு வாரம் எப்படி அமையும்

லண்டனை எடுத்துக்கொள்வோம். திங்கள் மதியம் இறங்குகிறீர்கள், செவ்வாய் முதல் வெள்ளி வரை வேலை, சனி பிற்பகல் ஃபிளைட், புதன் இரவு கிளையண்டோடு சாப்பாடு. மாதம் மே அல்லது ஜூன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் மாலை எதற்கும் டிக்கெட் வேண்டாம், ஃபிளைட் தாமதமாகலாம், உடம்பும் ஒத்துழைக்காது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் தொடங்கி ஆற்றின் தென்கரையோடு டவர் பிரிட்ஜ் வரை நடங்கள், சுமார் நாலு கிலோமீட்டர், எதிர்க்கரையில் நாடாளுமன்றம், நடக்கிற கரையில் லண்டன் ஐ, டேட் மாடர்ன், குளோப் நாடக அரங்கு என்று பாதி லண்டன் கண்ணில் பட்டுவிடும், எந்த இடத்தில் களைப்பு வந்தாலும் பக்கத்தில் ஒரு ரயில் நிலையம் உண்டு. வெளிச்சத்தில் நடப்பது உடம்பின் கடிகாரத்துக்கும் நல்லது. செவ்வாய், வியாழன் இரண்டில் ஒரு மாலை ஸ்கை கார்டன், இன்னொரு மாலை கிரீனிச், எந்த மாலைக்கு ஸ்கை கார்டனில் இடம் கிடைக்கிறதோ அதைப் பொறுத்து. புதன் காலையே ஒரு சுற்று வெளியே போய்விட்டு வாருங்கள், இரவு உங்களுடையது இல்லை. வெள்ளி மாலை விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அல்லது பிரிட்டிஷ் மியூசியம், இரண்டில் ஒன்று. மீட்டிங் இழுக்கிற வாடை அடித்தால் பத்து மணி வரை திறந்திருக்கிற முன்னதைத் தேர்ந்தெடுங்கள். சனி காலை ஹைட் பார்க், கென்சிங்டன் தோட்டம், அங்கிருந்து பேடிங்டன் நடக்கிற தூரம், பேடிங்டனிலிருந்து எலிசபெத் பாதை ரயில் நேராக ஹீத்ரோ.

இதில் எந்த நாளும் வேலையில் கை வைக்கவில்லை, பார்த்தீர்களா? காசும் பெரும்பாலும் ரயிலுக்கு மட்டும்தான்.

பையும் செருப்பும் போனும்

கறுப்பு நிறத்தில், மீட்டிங்கிலும் உறுத்தாத, எட்டு கிலோமீட்டர் நடந்தாலும் கடிக்காத ஷூ ஒன்று வாங்கிப் பழக்கிவிட்டுப் போங்கள். அறைக்குப் போய் உடை மாற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைக்கிற மாலைகளில் பாதி, கட்டிலில் சற்றுச் சாய்ந்ததோடு முடிந்துவிடும். அலுவலகத்திலிருந்து நேராகக் கிளம்புவதுதான் நல்லது.

அப்படிக் கிளம்பினால் லேப்டாப் இடைஞ்சல். கிளையண்ட் அலுவலகத்தில் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அங்கேயே விடுங்கள், நிறுவனத்தின் தகவல்கள் இருக்கிற லேப்டாப்போடு கூட்டத்தில் அலைவது தேவையில்லாத வேலை. அருங்காட்சியகங்கள் பெரிய பையை உள்ளே விடுவதில்லை, லூவ்ரில் 55×35×20 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அனுமதி கிடையாது. போன் விஷயத்தில் இன்னும் கவனம், ஏனென்றால் அலுவலகக் கணக்குகளுக்குள் நுழைய வேண்டிய குறியீடும் அதில்தான் வருகிறது. பாரிஸ், பார்சிலோனா, ரோம் மாதிரி ஊர்களின் நெரிசலான ரயிலில் அதைப் பறிகொடுத்தால், படங்கள் போவதோடு மறுநாள் காலை மெயிலைக்கூடத் திறக்க முடியாது. மாற்று வழி என்ன என்று உங்கள் ஐடி பிரிவிடம் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள். பாஸ்போர்ட்டைப் பொதுவாக அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு நகலோடு சுற்றலாம், ஆனால் ஜப்பானில் வெளிநாட்டவர் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

சீனாவில் கூகுள் வேலை செய்யாது, அங்கே பணம் கொடுக்கப் பயன்படுகிற அலிபே, வீசாட் செயலிகளைக் கிளம்புவதற்கு முன்பே போனில் ஏற்றிக் கார்டை இணைத்துவிடுங்கள். தென் கொரியாவில் நடந்து வழி தேட உள்ளூர் நேவர் மேப்தான் கைகொடுக்கும். லண்டன் ரயிலில் கார்டையோ போனையோ தட்டிக்கொண்டே போகலாம், ஒரு நாள் கட்டணம் ஒரு வரம்பைத் தாண்டாது, ஆனால் காலையில் கார்டு, மாலையில் போன் என்று மாற்றினால் இரண்டும் வேறு வேறு கணக்காகிவிடும்.

அந்த ஊர் சகாக்களிடம் 'இங்கே என்ன பார்க்கலாம்' என்று கேட்காதீர்கள், அவர்களும் பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். 'வெளியூரிலிருந்து நண்பர் வந்தால் ஒரு மாலைக்கு எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்' என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு தனியாகவே போய்வாருங்கள், வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவரை வழிகாட்டியாக்க வேண்டாம்.

கடைசி நாளும் இடையில் இறங்குவதும்

செக்-அவுட் செய்தபின் பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுப் போகலாம், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. ஆனால் ஹோட்டல் விமான நிலையத்துக்கு எதிர்த் திசையில் இருந்தால் பெட்டியை எடுக்க மட்டும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும், அப்போது விமான நிலையத்துக்கு ரயில் கிளம்புகிற நிலையத்தின் லாக்கர் உதவும். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: ஃபிளைட் நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் விமான நிலையத்துக்கு, அப்புறம் பயண நேரம், அதற்கு மேல் ஒரு மணி நேரம் கைக்காவல். இந்தப் பயண நேரம் ஊருக்கு ஊர் ரொம்ப மாறும். ஆம்ஸ்டர்டாமில் மத்திய நிலையத்திலிருந்து கால் மணி நேரம், டோக்கியோவிலிருந்து நரிட்டா 60 கிலோமீட்டருக்கும் மேல், அதே டோக்கியோவில் ஹனேடா ஊரோடு ஒட்டி இருக்கிறது. டிக்கெட் போடும்போதே ஹனேடாவைக் கேட்டு வாங்கினால் கடைசி நாளில் கணிசமான நேரம் மிஞ்சும்.

வழியில் நீண்ட இடைவெளி வந்தால் அதையும் பயன்படுத்தலாம். சிங்கப்பூர் விமான நிலையத்தில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கிற பயணிகளுக்கு இலவச நகர்ச் சுற்று உண்டு. இஸ்தான்புல்லில் டர்கிஷ் ஏர்லைன்ஸ் 6 முதல் 24 மணி நேரம் வரை காத்திருக்கிற தன் பயணிகளை இலவசமாகக் கூட்டிப் போகிறது. இரண்டுக்கும் அந்த நாட்டுக்குள் நுழைய உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி இருக்க வேண்டும், விசா வேண்டுமானால் முன்பே வாங்கியிருக்க வேண்டும். இந்த மாதிரி ஏற்பாடு இல்லாத ஊரில், ஆறு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி என்றால் வெளியே போகாமல் நாற்காலி தேடி உட்கார்ந்துவிடுங்கள்.

பில் விஷயம் ஒன்று பாக்கி. அலுவலகக் கார்டை ஊர் சுற்றும்போது சட்டைப்பையில் வைக்கவே வேண்டாம், தவறி ஒரு முறை ரயில் கதவில் தட்டிவிட்டால் அந்தச் சின்னத் தொகைக்கு இரண்டு வாரம் கழித்து மூன்று மெயில் எழுத வேண்டிவரும். சொந்தச் செலவுக்குச் சொந்தக் கார்டு, கூடுதல் இரவுகளுக்கு ஹோட்டலில் தனி பில், அதையும் செக்-இன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், கிளம்புகிற அவசரத்தில் வரவேற்பு மேசையில் நின்று பில்லைப் பிரிக்கச் சொன்னால் அந்த அரை மணி நேரமும் உங்கள் கடைசிக் காலையிலிருந்துதான் போகும்.